நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர்

(தீத்தொண்டு வாரத்தையொட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிருஷ்ணன்கோவிலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு கப்பலின் கதையோடு ஆரம்பிக்கிறேன். 1944 ஏப்ரல் 14. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற சரக்குக் கப்பல் நின்றது. அதற்குள் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள். கூடவே, வழியில் கராச்சியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான பருத்திப் பேல்கள். பிற்பகலில் பேல் அடுக்கியிருந்த அடித்தளத்திலிருந்து புகை வந்தது. தீயணைப்பு வண்டிகள் வந்து தண்ணீரை இறைத்தன. 900 டன்னுக்கு மேல் இறைத்தும் தீ எந்த இடத்தில் இருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பஞ்சுக்குள்ளேயே அது புகைந்துகொண்டிருந்தது. நாலு மணி தாண்டிச் சில நிமிடங்களில் கப்பல் வெடித்தது. அணைக்கப் போனவர்களில் 66 பேர் திரும்பவில்லை. அவர்களை நினைத்துத்தான் ஏப்ரல் 14 நீத்தார் நினைவு நாள். அன்றிலிருந்து 20ஆம் தேதி வரை தீத்தொண்டு வாரம்.

தீயணைப்போராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், பயிற்சி வகுப்பில் இந்தக் கதையைக் கேட்டேன். பஞ்சு, வெடிமருந்து என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதும் எனக்கு நம்ம மாவட்டம்தான் கண் முன்னால் வந்தது. தெற்கே ராஜபாளையத்தில் நூற்பாலைகள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிகள். கிழக்கே சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் என்று பட்டாசு ஆலைகள். அந்தக் கப்பலில் இருந்த இரண்டு சரக்கும் நம் இரண்டு பக்கமும் இருக்கிறது. நடுவில் நாம் குடியிருக்கிறோம். பிறகு முன்னணி தீயணைப்போர், நிலைய அலுவலர் என்று பல ஊர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அந்த எண்ணம் மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை.

இன்று நான் பேச வந்தது வண்டியைப் பற்றி. சிவப்பு வண்டியை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதற்குள் என்ன இருக்கிறது, அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பது ஊருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பல இடங்களில் நடந்தது வேறு மாதிரி நடந்திருக்கும்.

ஒரு கிராமத்தில் வைக்கோல் படப்பு பற்றிக்கொண்டது. பக்கத்தில் மாட்டுத்தொழுவம். போய் இறங்கி ஹோஸை விரித்து அடித்தோம். பத்து நிமிடம் ஆவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஒரு பெரியவர் என் சட்டையைப் பிடித்துவிட்டார். "தண்ணி இல்லாத வண்டிய எதுக்குய்யா கொண்டுவந்த?" என்று கேட்டார். வண்டி நிறையத் தண்ணீரோடுதான் போனோம். பத்து நிமிடத்தில் அது தீரத்தான் செய்யும். அந்தக் கணக்கை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும் அதற்கு முன்னால் எந்த ஊரிலும் போய்ச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நம் ஊர்ப் பக்கம் வருகிற நீர்தாங்கி வண்டியில் சாதாரணமாக 4,500 லிட்டர் பிடிக்கும். ஹோஸின் முனையில் பிடிக்கிற குழாய்க்கு பிராஞ்ச் என்று பேர். அதன் வாய் 20 மில்லிமீட்டர் அகலம் என்று வையுங்கள். நாலு கிலோ அழுத்தத்தில் அடித்தால் நிமிடத்துக்கு 530 லிட்டர் போகும். ஒன்பது நிமிடம்கூடத் தாங்காது. 12 மில்லிமீட்டர் வாயை மாட்டினால் நிமிடத்துக்கு 190 லிட்டர்தான் போகும், இருபத்துமூன்று நிமிடம் வரும். ஆனால் தீயை அடக்கும் பலமும் வீச்சும் குறையும். பெரிய வாயா, சின்ன வாயா என்பதை வண்டியிலிருந்து இறங்குவதற்குள் நிலைய அலுவலர் முடிவு செய்தாக வேண்டும். காற்று எந்தப் பக்கம், பக்கத்து வீடு ஓடா கூரையா, அடுத்த தண்ணீர் எங்கே என்பதெல்லாம் அந்த ஒரு முடிவுக்குள் இருக்கிறது.

ஹோஸ் ஒன்று 15 மீட்டர் நீளம், 63 மில்லிமீட்டர் அகலம். காய்ந்திருக்கும்போது சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஓடலாம். தண்ணீர் நிறைந்துவிட்டால் உள்ளே இருக்கிற தண்ணீர் மட்டும் 46 கிலோ. நான்கு ஹோஸைக் கோத்து இழுத்துப் போகிறவர்கள் 180 கிலோவுக்கு மேல் இழுக்கிறார்கள். தண்ணீர் முன்னால் பாயும்போது பிராஞ்ச் பின்னால் தள்ளும். நான் சொன்ன 20 மில்லிமீட்டர் வாயில் அந்தத் தள்ளு 25 கிலோ. அதனால்தான் ஒருவர் பிடித்தால் இன்னொருவர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று தாங்குவார். படத்தில் பார்க்கும்போது அவர் சும்மா நிற்கிற மாதிரித் தெரியும்.

வண்டி ஓடுகிற அதே எஞ்சின்தான் பம்பையும் சுற்றுகிறது. ஓட்டுநருக்குத் துறையில் இயந்திரக் கம்மியர் ஓட்டுநர் என்று பேர். இடத்துக்கு வந்ததும் அவர் வேலை முடிந்துவிடாது. இறங்கிவந்து பம்பின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் கை தவறினால் முன்னால் பிராஞ்ச் பிடித்திருக்கிறவன் கீழே விழுவான். அப்படிப் பலமுறை என் உயிரை முள்ளைப் பார்த்துக் காப்பாற்றியவர்கள் உண்டு.

சரி, தண்ணீர் தீர்ந்துவிட்டது. பக்கத்தில் கிணறு இருக்கிறதே, அதிலிருந்து இறைக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வண்டிப் பம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது என்று சொன்னாலும், உண்மையில் குழாயிலிருக்கிற காற்றை அது வெளியே எடுக்கிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றால் 10 மீட்டருக்குச் சற்று மேல்தான் தள்ள முடியும். நடைமுறையில் 7 மீட்டர், அதாவது 23 அடி. எவ்வளவு விலை கொடுத்துப் பம்பு வாங்கினாலும் இந்த எல்லை மாறாது. கோடையில் நம் பக்கத்துக் கிணறுகளில் 23 அடியில் தண்ணீர் எங்கே கிடக்கிறது? கண்மாய் நிறைந்திருக்கும் மாதங்களில் சக்‌ஷன் ஹோஸைக் கரையிலிருந்தே போட்டு இறைத்துவிடலாம். பங்குனி, சித்திரையில்தான் படப்பு எரியும். அப்போது கண்மாயில் கருவேலமரம்தான் நிற்கும்.

தோட்டத்து மோட்டார் உதவும். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் நன்றாக ஓடினால் கால்மணி நேரத்தில் வண்டியை நிரப்பிவிடலாம். ஆனால் தீ என்றதும் மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்துவோம், நிறுத்தியே ஆகவேண்டும். மோட்டாரும் நின்றுவிடும். மின்சாரம் இல்லாமலும் இறங்குகிற தண்ணீர் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, மேல்நிலைத் தொட்டி. 30,000 லிட்டர் தொட்டி என்றால் ஆறு வண்டித் தண்ணீர். அதன் அடியில் தனியாக ஒரு வால்வு வைத்து, வண்டியின் மேல்மூடிக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு குழாயை நீட்டிவிட்டால் போதும். வண்டி அடியில் போய் நிற்கும், நிரப்பும், திரும்பும். ஊராட்சி மன்றக் கூட்டத்தில் ஒரு தீர்மானமும் ஒரு பிளம்பரின் ஒரு நாள் வேலையும்தான் இதற்கு வேண்டும். ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் கேட்கிறேன், இந்த ஆண்டு செய்துவிடுங்கள்.

பஞ்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு பேல் 170 கிலோ. இறுக்கி அழுத்திக் கட்டியது. மேலே எரிகிற தீயைத் தண்ணீர் அணைத்துவிடும், உள்ளே இறங்காது. பஞ்சுக்கு நடுவே மாட்டிக்கொண்ட காற்றே அந்தக் கங்குக்குப் போதும். அணைந்தது என்று நினைத்துக் கிட்டங்கியைப் பூட்டிவிட்டுப் போவார்கள், மறுநாள் விடியற்காலையில் மறுபடியும் புகையும். அதனால் பஞ்சுத் தீயில் தண்ணீரை விட முக்கியமான கருவி கொக்கி. பேல்களை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, கட்டை அறுத்து, பிரித்துப் போட்டு நனைக்க வேண்டும். ஒரு ராத்திரி முழுவதும் ஆகும். ஆலை முதலாளிக்குப் பேல் போகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். பிரித்தால்தான் மிச்சம் நிற்கும். பம்பாயில் அந்தக் கப்பலுக்குள் ஆட்கள் இறங்கிப் பேலைப் பிரிக்க வழி இல்லாமல் போனது.

பட்டாசு ஆலைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அலுமினியப் பொடி எரிகிற இடத்தில் தண்ணீரை அடித்தால் ஹைட்ரஜன் கிளம்பித் தீ இன்னும் பெரிதாகும். அங்கே முதலில் வேண்டியது உலர்ந்த மணலும் தூரமும். 2012 செப்டம்பர் 5, சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டி. ஏறத்தாழ நாற்பது உயிர்கள் போயின. முதல் வெடியைக் கேட்டுவிட்டு, உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றலாம் என்று ஓடிவந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அதில் நிறையப் பேர். அடுத்தடுத்து வெடித்தது அவர்களைத்தான் எடுத்துக்கொண்டது. ஓடிப்போய்த் தூக்குவது நம் ஊர்க்காரர்களின் குணம். அந்தக் குணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பட்டாசு ஆலையில் மட்டும், தயவுசெய்து, பின்னால் ஓடுங்கள். சாலையை வண்டிகள் வர விட்டுவையுங்கள். அன்று ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவதே உயிரைத் தூக்குவதற்குச் சமம்.

இனி, துறையின் பேரில் இருக்கிற இன்னொரு சொல்லுக்கு வருகிறேன். 'தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை'. சென்னையில் 1908இல் தீயை அணைக்கவென்றே தொடங்கிய அமைப்பு இன்று மாநிலம் முழுவதும் 350-க்கும் மேற்பட்ட நிலையங்களோடு நிற்கிறது. தீயைப் போலவே மீட்பும் வேலையாகிவிட்டது. வீட்டுக்குள் பாம்பு, பள்ளிக்கூட மரத்தில் கதண்டுக் கூடு, கிணற்றில் மாடு, எல்லாவற்றுக்கும் இதே வண்டிதான் வருகிறது.

கிணற்றைப் பற்றி நிறுத்திச் சொல்ல வேண்டும். நான் அதிகம் அழுதது கிணற்றடியில்தான்.

மாடு விழுந்தால் எடுத்துவிடலாம். கயிற்றால் கட்டித் தூக்கினால் வயிற்றை அறுக்கும். அதற்கென்று பழைய ஹோஸ்களைத் தூக்கி எறியாமல் வைத்திருப்போம். ஹோஸ் பட்டையாக இருக்கும், தோலை வெட்டாது. ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்கி, நீந்திக்கொண்டே முன்னங்காலுக்குப் பின்னால் ஒரு பட்டை, பின்னங்காலுக்கு முன்னால் ஒரு பட்டை கொடுப்பார். மிரண்ட மாடு முட்டும், உதைக்கும். அதன் நெற்றியைத் தடவிக்கொண்டே கட்ட வேண்டும். மேலே இருபது பேர் இழுப்பார்கள், இல்லையென்றால் ஜேசிபியில் தூக்குவார்கள். கரைக்கு வந்ததும் சில மாடு எழுந்து நேரே தொழுவத்தைப் பார்த்து நடந்துவிடும். அந்த வீட்டு அம்மா எங்களுக்குக் காப்பி போட்டுக்கொண்டு வருவதற்குள் அது வைக்கோல் தின்றுகொண்டிருக்கும்.

மனிதன் இறங்கிய கிணறுதான் பயம். தண்ணீர் கீழே போய்விட்டது என்று டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்து ஓட்டுவார்கள். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை. நாள்பட மூடிக்கிடந்த கிணற்றில் கரியமில வாயு அடியில் தேங்கும், அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கழிவுநீர்த் தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று இறங்குகிறவன் சாகிறான். மேலே நிற்கிற தம்பி, அண்ணன் மயங்கியதைப் பார்த்ததும் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் குதிப்பான். அவனுக்குப் பின்னால் மச்சான். நாங்கள் போய்ச் சேரும்போது மூன்று பேர் கீழே கிடப்பார்கள்.

அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய பழக்கம். விளக்கு அணைந்தால் உள்ளே பிராணவாயு குறைவு என்று தெரியும். அணையாவிட்டால் பத்திரம் என்று அர்த்தம் இல்லை. ஆளைக் கொல்லுகிற அளவுக்குக் கார்பன் மோனாக்சைடு இருக்கும்போதும் விளக்கு நன்றாகவே எரியும். எரியக்கூடிய வாயு இருந்தால் விளக்கே வெடிக்க வைத்துவிடும்.

அதற்குத்தான் வண்டியில் சுவாசக் கருவி இருக்கிறது. முதுகில் மாட்டுகிற சிலிண்டர் 6.8 லிட்டர். அதற்குள் 300 மடங்கு அழுத்தி அடைத்த சுத்தமான காற்று, விரித்தால் 2,000 லிட்டர். ஆக்சிஜன் சிலிண்டர் என்று பேப்பரில் எழுதுகிறார்கள், உள்ளே இருப்பது நாம் மூச்சு விடுகிற காற்றேதான். உழைக்கிற ஆள் நிமிடத்துக்கு 40 லிட்டர் இழுப்பான். ஐம்பது நிமிடம். பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் அரைமணிகூட வராது. காற்று குறைந்ததும் ஒரு விசில் ஊதும். அதைக் கேட்ட பிறகு ஒரு விநாடியும் நிற்காமல் ஏற வேண்டும், தூக்க வந்த ஆள் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தாலும். அந்த விதியை நானும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொல்லும்போது பேச்சு நின்று நின்றுதான் வரும்.

ஆகவே கிணற்றில் ஒருவர் மயங்கிவிட்டால் இரண்டாவது ஆளை இறங்க விடாதீர்கள். நான்கு பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாவது நிறுத்துங்கள். அந்த நிமிடத்தில் அவன் உங்களைத் திட்டுவான், திட்டட்டும்.

மீட்பில் அடுத்தது சாலை விபத்து. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகிற தேசிய நெடுஞ்சாலை நம் ஊரை ஒட்டியே போகிறது. தேங்காய் ஏற்றிய லாரி, சபரிமலைக் கார்கள், கல்லூரிப் பேருந்துகள் என்று ராத்திரி பகல் ஓடுகிற சாலை. நசுங்கிய காருக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் கடப்பாரையால் நெம்பாதீர்கள். வண்டியில் ஹைட்ராலிக் கட்டரும் விரிப்பானும் இருக்கின்றன. அதில் எண்ணெயின் அழுத்தம் 700 கிலோ அளவுக்குப் போகும், கார் டயரில் இருப்பதைப்போல முந்நூறு மடங்கு. தகரத்தை வெட்டுவதற்கு இரண்டு நிமிடம் போதும். அதற்கு முன்னால்தான் வேலை. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து வண்டி அசையாமல் நிறுத்த வேண்டும், பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும், உள்ளே இருப்பவர் மேல் கண்ணாடிச் சில் படாமல் கம்பளி போர்த்த வேண்டும், ஒருவர் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். "பேர் என்ன, எந்த ஊரு, வீட்ல யார் இருக்கா?" என்று கேட்பதும் மீட்பில் சேர்த்திதான்.

மாணவர் விடுதிகள் இங்கே மாடி மாடியாக எழும்பியிருப்பதால் ஏணியைப் பற்றி ஒரு வார்த்தை. சிறு நகர வண்டியின் தலைமேல் இருக்கிற நீட்டு ஏணி 35 அடி. இரண்டாவது மாடி வரை எட்டும். சென்னையில் இருக்கிற ஸ்கைலிஃப்ட்களில் ஒன்று 54 மீட்டர், 177 அடி. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் ராஜகோபுரம் 192 அடி, அதற்கே எட்டாது. ஸ்கைலிஃப்ட் சென்னையிலிருந்து இங்கே வருவதற்கு ஒரு நாள் ஆகும். நான்காவது மாடியில் இருக்கிற பிள்ளைக்குப் படிக்கட்டு மட்டும்தான் ஏணி. அந்தப் படிக்கட்டுக் கதவை ராத்திரியில் பூட்டுகிற விடுதி எதுவாக இருந்தாலும், பெற்றவர்கள் நேரில் போய்ச் சாவியைக் கேளுங்கள்.

மாசி, பங்குனியில் மேற்கே மலையில் ராத்திரி தீக்கோடு தெரியும். உடனே 101-க்கு அழைத்து "மலை எரியுது, ஏன் வண்டி போகலை" என்று கேட்பார்கள். நெஞ்சு பதறித்தான் கேட்கிறீர்கள். சாம்பல்நிற அணில்களும் புலிகளும் வாழ்கிற காடு அது, 2021இல் புலிகள் காப்பகமானது. ஆனால் நீர்தாங்கி வண்டி அடிவாரச் சாலைக்கு மேல் ஏறாது. மலையில் தீயை அணைப்பது வனத்துறைக் காவலர்களின் கையும் பச்சைக் கொப்பும்தான். தீ போகிற திசையில் முன்னாலேயே கோடு கிழித்து, தீனியில்லாமல் தீயை நிறுத்துவார்கள். 2018 மார்ச் 11, தேனிப் பக்கம் குரங்கணியில் மலையேறப் போன 23 பேர் தீயில் மாண்டார்கள். புல் எரிகிற சரிவில் தீ மனிதனைவிட வேகமாக மேலே ஏறும். சதுரகிரிக்குப் போகிறவர்கள் வழியில் கற்பூரம் ஏற்றாமல், பீடி பிடிக்காமல் போய்வந்தால் அதுவே பெரிய உதவி.

அழைக்கும்போது ஒன்று. கைபேசியில் பேசினால் தூரத்துக் கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கலாம். நாகர்கோவிலிலும் ஒரு கிருஷ்ணன்கோவில் இருக்கிறது. "ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிருஷ்ணன்கோவில்" என்று முழுதாகச் சொல்லுங்கள். என்ன எரிகிறது, ஆள் உள்ளே இருக்கிறாரா, பெரிய வண்டி திரும்புகிற பாதை எது, இவ்வளவும் சொல்லிவிட்டு முக்குக்கு ஒரு ஆளை அனுப்பி நிறுத்துங்கள். ஊருக்குள் புதிதாக வருகிற ஓட்டுநருக்குக் கை காட்டுகிற அந்த ஒரு ஆள் இரண்டு மூன்று நிமிடத்தை மிச்சப்படுத்துவார். இரண்டு மூன்று நிமிடம் என்றால் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் தண்ணீர்.

நிலையத்துக்குத் திரும்பிய பிறகு நடப்பதை யாரும் பார்ப்பதில்லை. ராத்திரி மூன்று மணி ஆனாலும், உடம்பெல்லாம் கரியானாலும், முதலில் தொட்டியை நிரப்புவோம். பிறகு ஹோஸைக் கழுவி உயரத்தில் தொங்கவிட்டுக் காயப் போடுவோம், ஈரத்தோடு சுருட்டினால் மக்கிவிடும். சிலிண்டரில் காற்று அடைத்து, கட்டருக்கு எண்ணெய் பார்த்து, கயிற்றை விரலால் தடவித் தடவி நரம்பு அறுந்திருக்கிறதா என்று பார்த்துச் சுருட்டுவோம். சாப்பாடு அதற்குப் பிறகுதான். அடுத்த அழைப்பு எப்போது வரும் என்று தெரியாது.

நேரமாகிவிட்டது. வாசலில் வண்டி நிற்கிறது. பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் முதலில் வாருங்கள். சுவாசக் கருவியை மாட்டிப் பார்க்கலாம், அந்த விசிலையும் ஊதிக் காட்டுவார்கள். தொட்டியில் முழுத் தண்ணீர் இருக்கிறது. பிராஞ்சைப் பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் தனியாக வராதீர்கள், முதுகுக்குப் பின்னால் நின்று தாங்க ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.